இலையில்லாத மரத்துக்கு என்ன வறட்சி?

2024 ஜனவரி நடுவில் ஓர் அறிக்கையில் நான் எழுதிய வரி இது: "சிம்லா மாவட்டம், பழத்தோட்டப் பகுதிகள்: குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை."

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் பயிர் நிலவரம் சொல்வது என் பிழைப்பு. அலுவலகம் சண்டிகரில். எழுதியதில் பொய் எதுவும் இல்லை, படத்தில் மாற்றம் இல்லைதான். ஆப்பிள் மரம் டிசம்பருக்குள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். அதற்கு வேரில் ஈரம் இருந்தாலும் படத்தில் மொட்டை மரம், வேர் வறண்டு கிடந்தாலும் மொட்டை மரம். அந்த வரியை எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

பத்து நாள் கழித்துக் கள ஆய்வு என்று அதே சிம்லா மாவட்டத்தில் கோட்காய்க்கு மேலே ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். சண்டிகரில் அப்போது வாரக்கணக்காக மூடுபனி. பகல் பன்னிரண்டு மணிக்கும் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பர்வானூ தாண்டி மலை ஏற ஏற மூடுபனி காலுக்குக் கீழே போய்விட்டது. மேலே கழுவித் துடைத்தாற்போல நீல வானம், சுள்ளென்று வெயில். சிம்லாவில் இறங்கியபோது ஒரு ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்த ஜனவரியில் பல நாட்கள் சிம்லாவின் பகல், கீழே சமவெளியின் பகலைவிடச் சூடாக இருந்தது. ரிட்ஜ் மைதானத்தில் சுற்றுலாப் பயணிகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு, பனி எங்கே பனி எங்கே என்று குதிரைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காஷ்மீரில் குல்மார்க்கின் பனிச்சறுக்குச் சரிவுகள் பழுப்புப் புல்லாகக் கிடந்த படங்கள் எல்லோர் போனிலும் சுற்றிய நேரம் அது. விடுமுறைக்கு வந்தவர்களுக்கு அது ஏமாற்றம், அவ்வளவுதான். போட்டோவுக்கு வெளிச்சம் பிரமாதமாக இருந்தது.

மலையில் குளிர்கால வறட்சி இப்படித்தான் வரும். நம் ஊர் வறட்சிக்கு ஒரு முகம் உண்டு: வெடித்த கண்மாய், கருகிய நெல், குடத்தோடு வரிசை. இதற்கு முகமே கிடையாது. அழகான நாள் ஒன்று வரும், அடுத்து இன்னொரு அழகான நாள் வரும், நாற்பது நாள் தொடர்ந்து வரும்.

அந்த ஜனவரியில் இமாசலம் முழுவதுக்குமான சராசரி மழை (உருகிய பனியையும் சேர்த்துத்தான்) 6.8 மில்லிமீட்டர். வழக்கமாக 85.3 வர வேண்டும். 92 சதவீதம் குறைவு. இதைவிட மோசமான ஜனவரிகளும் இருந்திருக்கின்றன, 1966, 2007 போல. ஆனால் அதற்கு முந்தைய டிசம்பரும் கையை விரித்திருந்தது என்பதுதான் விஷயம். அங்கே குளிர்கால மழையைக் கொண்டுவருவது நம்முடைய பருவக்காற்று அல்ல. மத்தியதரைக்கடல், காஸ்பியன் பக்கமிருந்து மேற்குக் காற்றின் முதுகில் ஏறி வரும் கலக்கங்கள். செய்தியில் 'மேற்கத்திய இடையூறு' என்பார்கள். யாருக்கு இடையூறு என்று பெயர் வைத்தவரைக் கேட்க வேண்டும். மலைக்காரனுக்கு அதுதான் சோறு. நல்ல குளிர்காலத்தில் மாதத்துக்கு நாலைந்து வரும். வந்தாலும் சிலது ஈரமில்லாமல் வந்து மேகம் மட்டும் காட்டிவிட்டுப் போகும், சிலது வடக்கே ஒதுங்கிப் போய்விடும்.

நான் தங்கிய வீட்டுப் பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். ஊரே அவரைத் தாவ்ஜி என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். பெரியப்பா என்று அர்த்தம். அவர் என்னை பேட்டா என்றார். சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் தோட்டம்; அவருடைய அப்பா காலத்து ராயல் ரக ஆப்பிள் மரங்கள், அவர் வைத்த மரங்கள், மகன் புதிதாக வைத்த குட்டை மரங்கள் என்று மூன்று தலைமுறை ஒரே சரிவில். அறை நடுவே இரும்பு அடுப்பு. அதைத் தந்தூர் என்கிறார்கள், ரொட்டி சுடும் தந்தூர் அல்ல, அறையைச் சூடாக்குவது. அதைச் சுற்றித்தான் வீட்டின் வாழ்க்கை முழுக்க. முதல் நாள் ராத்திரி நெய் ஊற்றிய சித்து சாப்பிடக் கொடுத்தார்கள், ஆவியில் வெந்த புளித்த கோதுமை மாவு. நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து அண்ணன்.

நான் போன வேலையைச் சொன்னேன். படத்தில் மாற்றம் தெரியவில்லை என்றும் சொன்னேன். தாவ்ஜி சிரிக்கவில்லை. "நாளைக்குத் தோண்டிப் பார்க்கலாம், பேட்டா" என்றார்.

காலையில் ஒரு பழைய மரத்தடிக்குப் போனோம். ஆப்பிள் மரத்தைச் சுற்றி வட்டமாக மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டுவார்கள், அதற்கு அங்கே தௌலியா என்று பெயர். வழக்கமாகக் குளிர்காலத்தில் செய்கிற வேலை, அந்த வருஷம் பலர் செய்யாமல் வைத்திருந்தார்கள். காய்ந்த மண்ணைக் கொத்தினால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்ச ஈரமும் காற்றோடு போய்விடும். பாத்தியின் விளிம்பில், கிளை நுனிக்கு நேர் கீழே குழி போட்டோம். முதல் ஒரு சாண் ஆழத்துக்கு மண் மாவு மாதிரி உதிர்ந்தது. ராத்திரிக் குளிரில் மேல்பொருக்கு மட்டும் கட்டியாகிக் கிடந்ததால் முதல் வெட்டில் ஈரமான மண் போலத் தோன்றியது. கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டை நிற்கவில்லை. ஒரு முழம் போனதும் நிறம் கொஞ்சம் கறுத்தது. அந்த மண்ணை உள்ளங்கையில் வைத்து இறுக்கினேன், உருண்டை பிடித்தது, கட்டைவிரலால் தொட்டதும் உடைந்தது. நல்ல ஈரமண் என்றால் விரல்களுக்கிடையே நாடா மாதிரி நீண்டு வர வேண்டும். அதற்கும் கீழே பழைய மரத்தின் தடித்த வேர் பாறை இடுக்கில் புகுந்து போனது. "இதுக்கு ஒண்ணும் ஆகாது. என் அப்பா மாதிரி, பிடிவாதம்" என்றார் தாவ்ஜி. பிறகு மகனுடைய குட்டை மரத்தடியில் தோண்டினோம். ஒரு சாணுக்குள்ளேயே வேர் முழுக்க முடிந்துவிட்டது. அந்த ஒரு சாண் மண்தான் மாவாகக் கிடந்தது.

மகன் ஒன்றும் பேசவில்லை. குழியைக் காலாலேயே தள்ளி மூடிவிட்டுப் போனார்.

குட்டை மரம் என்பது அடர்நடவு முறை. எம்9 போன்ற வேர்த்தண்டில் ஒட்டிய காலா மாதிரி ரகங்கள். மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும், ஏணி இல்லாமல் பறிக்கலாம், ஒரு மரம் நின்ற இடத்தில் பல மரம் நிற்கும். உலக வங்கிக் கடனில் 1,134 கோடி ரூபாய்த் தோட்டக்கலைத் திட்டம் ஒன்றும் அந்தப் பக்கம் ஓடியது, புதுக் கன்றுகள் நிறைய வந்தன. நான் அடர்நடவுக்கு எதிரி இல்லை. ஆனால் சொட்டுநீரும் தொட்டியும் இல்லாமல் அதை வைப்பது, ஓட்டைப் பாத்திரத்தில் பால் வாங்குவது மாதிரி. வேர் மேலோட்டமாக இருக்கும் மரத்துக்கு வானம் தவணை தவறக் கூடாது. மலையில் சாகுபடி நிலத்தில் ஐந்தில் நாலு பங்கு வானம் பார்த்த பூமி. கன்று கொடுத்த வேகத்தில் தண்ணீரும் கொடுத்தார்களா என்று கேட்டால் பதில் ஊருக்கு ஊர் மாறும்.

இங்கே ஒரு சின்ன விலகல். நான் கோத்தகிரிக்காரன். எங்களுக்குப் பனி என்றால் எல்லாம் பனிதான்: புல்மேல் துளி பனி, கண்ணை மறைப்பது மூடுபனி, தேயிலைக் கொழுந்தைக் கருக்குவது உறைபனி, சினிமாவில் காஷ்மீரில் விழுவதும் பனி. தாவ்ஜி வீட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல். விழுவது பரஃப், கருக்குவது பாலா, மறைப்பது துந்த். "பனி வரவில்லை" என்று நான் வீட்டுக்குப் போனில் சொன்னபோது அம்மா, "வராம இருந்தா நல்லதுதானே" என்றார். எங்களுக்கு அது கொழுந்தைக் கொல்லும் சனியன். அங்கே அது உரம். 'வெள்ளை உரம்' என்றே சொல்கிறார்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம்மிடம் பழமொழி இருக்கிறதே, குளிரைச் சொன்னது அது. ஆப்பிள் தோட்டத்தில் அது எழுத்துக்கு எழுத்து நிஜம். பத்து சென்டிமீட்டர் புதுப்பனி உருகினால் சுமாராக ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சரிவில் அதே தண்ணீர் மழையாக விழுந்தால் பாதி ஓடிவிடும். பனியாக விழுந்தால் நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தரையைத் துளைத்து முழம் ஆழத்துக்கு இறங்கும். மலைக்கு அது சேமிப்புக் கணக்கு, மழை அன்றன்றைய கூலி.

தண்ணீர் மட்டும் பிரச்சினை என்றால் டேங்கர் வைத்துக்கூட ஓட்டிவிடலாம். ஆப்பிளுக்கு இன்னொரு பசி உண்டு, குளிர்ப் பசி. தோட்டக்காரர்கள் எல்லோரும் 'சில்லிங்' என்கிறார்கள். ராயல், ரெட் டெலிஷியஸ் வகையறாவுக்குக் குளிர்காலத்தில் ஏறக்குறைய 1,000 முதல் 1,200 மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே கிடக்க வேண்டும். அப்போதுதான் மொட்டு ஒழுங்காக, ஒரே நேரத்தில் விழிக்கும். இல்லாவிட்டால் ஒரு கிளை பூக்கும், அடுத்த கிளை தூங்கும், தேனீ வந்துவிட்டுப் போன பிறகு மிச்சம் பூக்கும், காய் பிடிக்காது.

மேகமில்லாத குளிர்காலத்தில் ராத்திரி பயங்கரக் குளிர். தாவ்ஜி வீட்டு முற்றத்தில் வாளித் தண்ணீர் தினமும் கல்லாகிக் கிடந்தது. அப்படியானால் சில்லிங் ஏராளமாகக் கிடைத்திருக்க வேண்டுமே என்றுதான் நானும் நினைத்தேன். கணக்கு அப்படிப் போவதில்லை. 1970களில் யூட்டாவில் போட்ட சூத்திரப்படி, உறைநிலைக்குக் கீழே போன நேரம் கணக்கில் ஏறாது. இரண்டரை டிகிரிக்கும் ஒன்பது டிகிரிக்கும் இடைப்பட்ட குளிர்தான் மரத்துக்கு முழு மதிப்பெண். பகலில் வெயில் ஏறிப் பதினாறு டிகிரியைத் தாண்டினால் ஏற்கெனவே சேர்த்ததிலும் கழியும். வறண்ட வானம் ராத்திரியை அளவுக்கு மீறிக் குளிராக்குகிறது, பகலை அளவுக்கு மீறிச் சூடாக்குகிறது. மனிதன் நடுங்குகிறான், மரத்துக்கோ தூக்கம் கலைகிறது. மேகமும் பனியும் இருக்கும் மந்தமான, பார்க்கச் சகிக்காத ஜனவரிதான் மரத்துக்கு வாய்க்கும் நல்ல ஜனவரி.

(இந்த ராயல் மரங்கள் அங்கே வந்த கதை தனியாக எழுத வேண்டியது. பிலடெல்பியாக்காரர் சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916 வாக்கில் அமெரிக்க நாற்றங்காலிலிருந்து ரெட் டெலிஷியஸ் கன்றுகளைக் கோட்கருக்குக் கொண்டுவந்து வைத்தார். அமெரிக்கக் குளிரைப் பழகிய மரம் இமயத்தில் அதே குளிரை எதிர்பார்த்து நூறு வருஷம் நின்றுவிட்டது. இப்போது இமாசலத்திலேயே பிலாஸ்பூரின் வெக்கைப் பகுதியில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி உருவாக்கிய எச்ஆர்எம்என்-99 என்ற குறைகுளிர் ரகம் பரவுகிறது. 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ. மேல் கிராமத்துக்காரர்கள் அதை இன்னும் கீழ்நாட்டு மரம் என்றே பார்க்கிறார்கள்.)

சரி, வறட்சியை அளப்பது எப்படி? என் தொழில் அது என்பதால் கொஞ்சம் பொறுமையோடு படிக்க வேண்டும்.

மத்திய அரசின் வறட்சி மேலாண்மைக் கையேடு 2016 டிசம்பரில் வந்தது. முதலில் மழைக் குறைவு என்ற மணி அடிக்க வேண்டும். அடித்தால், விதைப்புப் பரப்பு, செயற்கைக்கோள் பசுமைக் குறியீடு, மண் ஈரம், நீர்நிலை இவற்றைப் பார்க்க வேண்டும். கடைசியில் பத்து சதவீத கிராமங்களில் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். ராபி என்ற குளிர்காலப் பயிர்ப் பருவத்துக்கு அறிவிப்பின் கடைசி நாள் மார்ச் 31. சமவெளிக்கு ஒழுங்கான ஏற்பாடு. மலையில் ஒவ்வொரு படியிலும் கால் இடறுகிறது.

மழைக் குறைவிலேயே தொடங்கலாம். வானிலைத் துறை நாட்காட்டியில் குளிர்காலம் என்பது ஜனவரியும் பிப்ரவரியும் மட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'பருவமழைக்குப் பிந்தைய காலம்' என்று வேறு கணக்கில் போகிறது. மரத்துக்கும் கோதுமைக்கும் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை ஒரே குளிர்காலம். இரண்டு கணக்காகப் பிரித்தால், டிசம்பரின் கடன் ஜனவரிப் பேரேட்டில் தெரியாது. போதாததற்கு, பிப்ரவரி கடைசியில் ஒரே வாரம் கொட்டித் தீர்த்தால் பருவ மொத்தம் 'இயல்பு' என்று வந்துவிடும். ஜனவரியில் பசித்தவனுக்குப் பிப்ரவரியில் விருந்து வைத்து, சராசரியாகச் சாப்பிட்டான் என்று எழுதுகிற கணக்கு.

என்னைக் கேட்டால் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றையும் சேர்த்து, ஜனவரி 31 அன்று எஸ்பிஐ போட வேண்டும் (வங்கி அல்ல!). 1993இல் கொலராடோவில் மக்கீயும் அவர் சகாக்களும் கொடுத்த குறியீடு அது. ஓர் இடத்தின் பல்லாண்டு மழைக் கணக்கை வைத்து, இந்த வருஷக் குறைவு எவ்வளவு அபூர்வம் என்று ஒரே எண்ணில் சொல்லும். மைனஸ் ஒன்றுக்குக் கீழே போனால் மிதமான வறட்சி, ஒன்றரைக்குக் கீழே கடுமை, இரண்டுக்குக் கீழே உச்சம். எளிமையான கருவி. ஆனால் அது வரவை மட்டும் பார்க்கும், வெயில் எடுத்துக்கொண்டுபோன செலவைப் பார்க்காது. ஆவியாதலையும் சேர்க்கும் தம்பிக் குறியீடு 2010இல் வந்தது. வெயில் காய்ந்த ஜனவரிக்கு அதுதான் பொருத்தம். இரண்டுக்குமே ஒழுங்கான மழைமானி வேண்டும் என்பது வேறு கதை. மானிகள் பெரும்பாலும் பள்ளத்தாக்கு நகரங்களில், தோட்டங்கள் மேலே. பனி விழும்போது காற்று அடித்தால் மானியின் வாயில் விழ வேண்டியது பக்கத்து வேலியில் விழும்.

அடுத்து நம்ம செயற்கைக்கோள். ஆப்பிளுக்கு இலை இல்லை என்று முன்பே சொன்னேன். கோதுமைக்கு இலை உண்டு, ஆனால் அது நிற்பது மூன்று நாலு மீட்டர் அகலப் படிவயல்களில். தேசிய அளவில் பயன்படும் பசுமைப் படங்களில் ஒரு புள்ளி என்பது 250 மீட்டர். அந்தப் புள்ளிக்குள் கோதுமை, பாறை, தேவதாரு, ஒரு வீட்டுக் கூரை எல்லாம் சேர்ந்து ஒரே நிறமாகிவிடும். பத்து மீட்டர் படங்கள் இப்போது இலவசம்தான், ஆனால் வடக்குச் சரிவுகள் குளிர்காலம் முழுக்க நிழலில் கிடக்கும். தேவதாரு எப்போதும் பச்சை என்பதால் மொத்தத்தில் எல்லாம் நலமாகத் தெரியும். என் அறிக்கையின் அந்த வரி அப்படிப் பிறந்தது.

கடைசியாக மனிதர். அடுத்த மார்ச்சில் நான் இன்னொரு முறை போனபோது வருவாய்த் துறையிலிருந்து ஒருவர் பயிர்ப் பதிவுக்கு வந்திருந்தார். நம்மூர் கிராம நிர்வாக அலுவலர் மாதிரி, பட்வாரி என்பார்கள். நல்ல மனிதர், காலையிலிருந்து மேடு ஏறி இறங்கிக் களைத்திருந்தார். கீழ்ப் பகுதியில் மஞ்சளித்த கோதுமையைப் பார்த்து எழுதிக்கொண்டார். ஆப்பிள் தோட்டத்துக்கு வந்ததும் நின்றார். சேதம் என்று எதைக் காட்டுவது? மரம் நிற்கிறது, கிளை நிற்கிறது. "இலையே இல்லாத மரத்துக்கு என்ன வறட்சி?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். ஆப்பிளின் நஷ்டம் ஏப்ரல் பூவில் ஆரம்பித்து, ஜூன் பிஞ்சில் தெரிந்து, ஆகஸ்டில் பெட்டிக் கணக்கில் முடிகிறது. படிவமோ மார்ச் 31க்குள் மூடுகிறது. அப்போதைய பேரிடர் நிவாரண விதிப்படி பல்லாண்டுப் பயிருக்கு எக்டேருக்கு 22,500 ரூபாய் உண்டு, இரண்டு எக்டேர் வரை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு சேதம் கண்ணால் தெரிய வேண்டும். வானிலை சார்ந்த காப்பீட்டில் விவசாயியின் பங்கு ஐந்து சதவீதம், அதில் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை, தானியங்கி நிலையத்தின் எண் போதும். நல்ல யோசனைதான். நிலையம் பள்ளத்தாக்கில் நின்றால் மேட்டுத் தோட்டக்காரனின் குளிரும் பள்ளத்தாக்குக் குளிராகவே எழுதப்படும்.

எங்கள் நீலகிரிக்கும் இதே வியாதி உண்டு. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்து, 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டமாக அறிவித்தார்கள். கோத்தகிரிப் பக்கம் நாங்கள் அந்த மழையைத்தான் நம்பி இருக்கிறோம். டெல்டா கருகாமல் மலை மட்டும் காய்ந்திருந்தால் எங்களை யார் பார்த்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

மூன்றாம் நாள் தாவ்ஜி ஊற்றுக்குக் கூட்டிப்போனார். கல் கட்டிய சின்ன வாய், சிங்க முகம் தேய்ந்து பூனை முகமாகியிருந்தது. பத்து லிட்டர் வாளியை வைத்துப் போனில் நேரம் பார்த்தேன். 48 விநாடி. "நல்ல வருஷம் பீடி பத்த வெக்கறதுக்குள்ள நிரம்பிடும். இப்போ பாதி பீடி போயிடுது" என்றார். என் வாழ்க்கையில் பார்த்த மிகச் சிறந்த நீரியல் கருவி அந்த பீடி. இமயப் பகுதியின் வற்றாத ஊற்றுகளில் ஏறக்குறைய பாதி வற்றிவிட்டன அல்லது பருவகால ஊற்றாகிவிட்டன என்று நிதி ஆயோக்கின் 2018 அறிக்கை சொன்னது. அதே 2018 கோடையில் சிம்லா நகரமே குழாயில் தண்ணீரில்லாமல் தவித்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் பனி சரியாக விழவில்லை. ஜனவரியில் விழாதது மே மாதத்தில் வராது. ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து ஊருக்கு ஓர் ஊற்றை மாதம் ஒருமுறை அளந்தால், எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாததை அது நாலு மாதம் முன்னே சொல்லும். செலவு ஒரு வாளி.

சமாளிப்பது பற்றி நான் சொல்வதைவிட தாவ்ஜி செய்வதைச் சொல்கிறேன். அவர் செய்யாமல் விட்டவைதான் அதிகம். கொத்தவில்லை. கிளை வெட்டுவதைத் தள்ளிப்போட்டார். வெட்டிய காயம் வறண்ட காற்றில் ஆறாது, நோய் புகும் என்றார். எருவை மூட்டையிலேயே வைத்தார், ஈரமில்லாத மண்ணில் போட்டு என்ன பயன். மகன் வாங்கி வைத்திருந்த புதுக் கன்றுகளை நடவிடாமல், நிழலில் ஈர மண்ணுக்குள் வேரைப் புதைத்துக் காத்திருக்க வைத்தார். இதில் அப்பனுக்கும் மகனுக்கும் இரண்டு நாள் பேச்சு இல்லை.

செய்ததில் முக்கியமானது மழைக்காலம் முடிந்த கையோடு செப்டம்பரில் நடந்திருந்தது. மண்ணில் இன்னும் ஈரம் இருக்கும்போதே புல்லை அறுத்து, கில்டா என்ற முதுகுக்கூடையில் சுமந்து வந்து, பழைய மரங்களின் அடியில் அரை முழம் உயரத்துக்கு மூடாக்குப் போட்டிருந்தார். புல் தீர்ந்துபோய்ச் சில மரங்கள் விட்டுப்போயிருந்தன. மூடாக்குப் போட்ட மரத்தடியில் கையை விட்டுப் பார்த்தேன், மண் ஜில்லென்று விரலில் ஒட்டியது. போடாத மரம் ஆறடி தள்ளி நின்றது, அதன் அடியில் புழுதி. ஜனவரியில் மூடாக்குப் போடுவது திருடன் போன பிறகு பூட்டு வாங்குவது. செப்டம்பரில் யாருக்கும் வறட்சி ஞாபகம் வராது, பெட்டி கட்டி மண்டிக்கு அனுப்பும் மும்முரத்தில் இருப்பார்கள். அறிவுரைகளோ ஜனவரியில்தான் வாட்ஸ்அப்பில் வந்து குவிகின்றன.

வீட்டுக்கு மேலே தார்ப்பாய் விரித்த தொட்டி ஒன்று இருந்தது, கூரைத் தண்ணீர் பிடிப்பது. அதில் மிச்சமிருந்ததை முழுக்கக் குட்டை மரங்களுக்குக் கொடுத்தார், பழைய மரங்களுக்கு ஒரு சொட்டு இல்லை. சாயங்காலம்தான் ஊற்றினார். ஈர மண் பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்து ராத்திரி பாலாவிலிருந்து வேரைக் காக்கும் என்று விளக்கம் சொல்லலாம், எங்கள் ஊர்க் காய்கறித் தோட்டக்காரர்களும் உறைபனிக்கு முன் தண்ணீர் கட்டுவார்கள். தாவ்ஜியிடம் காரணம் கேட்டதற்கு, "பகல்ல ஊத்தினா சூரியன் குடிச்சிடுது" என்றார்.

ஜனவரி 31 ராத்திரி பனி விழுந்தது. சத்தமே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் முற்றம், வாளி, குட்டை மரம், எல்லாம் வெள்ளை. மேல் சிம்லாவின் சாலைகள் மூடிக்கொண்டன, நான் மூன்று நாள் அங்கேயே மாட்டிக்கொண்டேன். ஊரில் எல்லோர் முகத்திலும் பொங்கல் களை. மகன் அப்பாவிடம் பேச ஆரம்பித்தார். தாவ்ஜி மட்டும் குச்சியை விட்டு அளந்து பார்த்துவிட்டு, "லேட்" என்றார், இங்கிலீஷில். மூன்று நாளில் சண்டிகர் அலுவலகத்திலிருந்து போன்: நிலைமை சரியாகிவிட்டது போலிருக்கிறதே, அறிக்கையில் போட்டுவிடலாமா?

அந்த வருஷ அக்டோபரில் இமாசலத்தில் மழை 97 சதவீதம் குறைந்தது, நவம்பரில் 99. இந்துகுஷ் இமயப் பகுதி முழுவதற்குமான பனி நிலைப்பு (விழுந்த பனி தரையில் தங்கும் காலம்) 2025இல் வழக்கத்தைவிட 23.6 சதவீதம் குறைவு, 23 வருஷத்தில் இல்லாத அளவு என்று காட்மாண்டுவின் இசிமோட் என்ற மலை ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. தாவ்ஜி எனக்கு மாதம் பிறந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்புவார். நலம் விசாரிப்பு கிடையாது, வெறும் விநாடி எண். டிசம்பரில் 44. 2025 ஜனவரி முதல் தேதி 52. பிப்ரவரி முதல் தேதி 61 என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: உன் படத்தில் என்ன தெரிகிறது, பேட்டா?

அன்று வந்த படத்தைத் திறந்து பார்த்தேன். பத்து மீட்டர் படம், மேகமே இல்லை, துல்லியமாக இருந்தது.

மொட்டை மரம், தாவ்ஜி, என்று பதில் போட்டேன்.